குடியிருப்போரைக் கேட்டு வீடு வரைந்தவர்: கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா

இருவராகக் குடிபுகுந்தவர்கள் சில ஆண்டுகளில் ஐவராகின்றனர். தாயகத்திலிருந்து தாய் தந்தையர் வந்து சேர்கின்றனர். தங்கையோ மைத்துனரோ புதிதாக வந்திறங்கித் தம் காலில் நிற்கும்வரை ஓர் அறையில் தங்குகின்றனர். பின்னர் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பிரிந்து செல்ல, முதியவர் இருவர் மட்டும் படியேற மறுக்கும் முழங்கால்களோடு பெரிய வீட்டில் எஞ்சுகின்றனர். குடும்பம் இவ்வாறு விரிந்தும் சுருங்கியும் வர, சுவர்களோ முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் எம்மவருள் இதனை அறியாத குடும்பம் அரிது.

எம்மவர் பலர் முதலிற் குடிபுகுந்த சென்ற் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகள் 1960களில் எழுந்தவை. திருமணமாகாத இளைஞரையும் இளந் தம்பதியரையும் மனத்திற் கொண்டு அவை திட்டமிடப்பட்டன. பாட்டனும் பாட்டியும் பேரப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உறங்குவர் என்பதை வரைந்தவர்கள் எண்ணியிருக்கவில்லை. ஸ்காபுறோவின் தனி வீடுகளும் ஒரு தாய், ஒரு தந்தை, இரண்டு பிள்ளைகள், ஒரு மோட்டார் வண்டி என்ற கணக்கில் அமைந்தவையே. எஞ்சிய உறவினரை நிலக்கீழ் அறைகள் ஏற்றுக்கொண்டன.

வீட்டை வரைபவர், அதில் வாழப்போகிறவரிடம் ஒரு வார்த்தையேனும் கேட்டாரா? இவ்வினாவை எழுப்பியதோடு நில்லாது, கேட்டறிந்து ஒரு குடியேற்றத்தையே உருவாக்கிக் காட்டிய பெண்மணி ஒருவர் இலங்கையின் கண்டி நகரிலே வாழ்ந்தார். அவர் மினெற் டி சில்வா அம்மையார். அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் அவர் கேட்ட கேள்விகள் இன்று இந்நகரில் வீடு வாங்கும், வீடு திருத்தும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியவை.

வாக்குரிமைக்குப் போராடிய தாய்

மினெற் 1918ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி கண்டியிற் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா சிங்களவர், வழக்கறிஞர், இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராகவும் பின்னர் சுகாதார அமைச்சராகவும் விளங்கியவர். தாயார் அக்னஸ் நெல் பறங்கியர் இனத்தவர். இன வேலிகளைத் தாண்டிய திருமணம் அது.

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கோரிய சங்கத்தின் சார்பில் அக்னஸ் அம்மையார் அதன் முன் தோன்றினார். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அவ்வுரிமை வேண்டுமோ என்று ஆணைக்குழுத் தரப்பில் வினவப்பட்டது. அவர்களும் பெண்களாதலால் எவரையும் விலக்காது வழங்குவதே முறை என்று அவர் தயங்காது விடையளித்தார். 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். எல்லாரையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்ற இத்தாயின் பிடிவாதம், பின்னாளில் மகளின் வரைபடப் பலகையிலும் இடம்பிடித்தது எனலாம்.

பம்பாயும் பெங்களூரும் இலண்டனும்

கட்டடக் கலை பயில விரும்பிய பெண்ணுக்கு அன்றைய இலங்கையில் வழியில்லை. மினெற் பம்பாய் சென்றார். கட்டடக் கலைஞரின் அலுவலகம் ஒன்றிற் பயிலுநராகப் பணிபுரிந்தபின் சேர் ஜே. ஜே. கலைக் கல்லூரியில் இடம்பெற்றார். 1942இல் காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டபோது, அவரை விடுவிக்கக் கோரிய ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டார். கல்லூரி நிர்வாகம் மன்னிப்புக் கேட்கப் பணித்தது, அவர் மறுத்தார், வெளியேற்றப்பட்டார்.

பின்னர் பெங்களூரில் ஒற்றோ கேனிக்ஸ்பேர்கர் என்பவரிடம் பணியாற்றினார். இவரும் ஓர் அகதியே. யூதர் என்ற காரணத்தால் நாசி ஜேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்து, எகிப்து வழியாக வந்து, 1939இல் மைசூர் அரசின் பணியில் அமர்ந்தவர். தம் நாட்டுக் கட்டட முறையை வெப்ப நாட்டின்மீது அப்படியே ஏற்றிவைக்காமல், வெயிலையும் மழையையும் காற்றையும் முதலில் கற்றுக்கொண்ட அறிஞர். வெப்பவலயக் கட்டடக் கலை என்னும் துறைக்கு அடிக்கல் நாட்டியவர்களுள் ஒருவராகப் பின்னர் உலகப் புகழ் பெற்றார். அவர் அலுவலகத்தில் மினெற் குறைந்த செலவில் வீடமைக்கும் முயற்சிகளைக் கண்டறிந்தார்.

போர் முடிந்ததும் இலண்டன் சென்று படிப்பை நிறைவுசெய்தார். 1948ஆம் ஆண்டு பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் உறுப்புரிமையைப் பெற்றார். அதனை அடைந்த முதல் ஆசியப் பெண் அவரே. அதற்கு முன்னரே 1947இல் நவீன கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மாநாட்டிற் கலந்துகொண்டு, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் நட்பைப் பெற்றிருந்தார். பம்பாயில் முல்க் ராஜ் ஆனந்தும் மினெற்றின் சகோதரி அனிலும் பிறரும் சேர்ந்து 1946இல் தொடங்கிய 'மார்க்' சஞ்சிகையின் ஆரம்ப காலக் குழுவிலும் அவர் ஒருவர்.

இத்தகையவர் இலண்டனிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் நாடு சுதந்திரம் அடைந்திருந்தது, தந்தையார் அழைத்தார். அவர் கண்டிக்குத் திரும்பிப் பெற்றோரின் இல்லத்திலேயே தம் தொழிலகத்தைத் திறந்தார்.

விரியும் வீடு

முதற் பெரும்பணி கருணாரத்ன குடும்பத்தினருக்காகக் கண்டியில் அவர் அமைத்த இல்லம். 1949இல் தொடங்கி 1951இல் முடிவுற்றது. மலைச் சரிவை வெட்டிச் சமதளமாக்குவதே அன்றைய வழக்கம். மினெற் நிலத்தை நிலமாகவே விட்டு, வீட்டைப் படிப்படியான தளங்களாக இறக்கினார். மண் அரிப்பும் குறைந்தது. ஒவ்வொரு தளத்திலிருந்தும் பள்ளத்தாக்கின் காட்சியும் கிடைத்தது.

எம் நாட்டு வீட்டில் நாள்தோறும் வாழ்பவர் சிலர். கல்யாணத்துக்கும் தானத்துக்கும் இழவுக்கும் கூடுபவர் பலர். மேல்நாட்டுப் பாணியில் ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அறையென அடைத்துக் கட்டினால், அன்றாடம் சில அறைகள் வெறுமையாய்க் கிடக்கும்; விசேட நாளிலோ ஒன்றும் போதாது. ஆகவே அவர் கூடத்தையும் உணவறையையும் விறாந்தையையும் ஒன்றோடொன்று இணையக்கூடியவையாக அமைத்தார். அன்றாடம் சிறு குடும்பத்துக்கு அளவான வீடு, விழா நாளில் பெருங் கூட்டத்தை ஏற்கும் மண்டபமாக விரிந்தது.

கொழும்பில் பீரிஸ் குடும்பத்தினருக்கு அமைத்த வீட்டைத் தூண்கள்மீது உயர்த்தினார். கீழே நிழலும் காற்றும் தங்கின. முற்றம் வீட்டின் நடுவே புகுந்தது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்க்கு அம்முற்றத்தின் அருமையை விளக்கவேண்டியதில்லை. தானியம் காயவைக்கவும், பிள்ளைகள் விளையாடவும், பந்தல் போடவும், மழைநீர் இறங்கவும் ஒரே இடம். சிங்கள வளவு வீடுகளிலும் அதே முற்றம் உண்டு. பழமை என ஒதுக்கப்பட்ட அந்த அமைப்பைச் சீமெந்தோடும் கண்ணாடியோடும் புதிய நகர வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மினெற்.

பொருள்களைத் தெரிவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. உள்ளூர்க் கல், உள்ளூர் ஓடு, உள்ளூர் மரம் ஆகியன முதலிடம் பெற்றன. தும்பறைப் பாய் நெய்வோரும் அரக்கு வேலை செய்வோரும் அவர் கட்டிய வீடுகளிற் பணிபெற்றனர். கருணாரத்ன இல்லத்தின் சுவரொன்றில் ஓவியர் ஜோர்ஜ் கீற் சித்திரம் தீட்டினார். இதனால் வீட்டைச் செப்பனிட வேண்டிவரும்போது கப்பலில் வரும் பொருளுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை; அறிந்த கைகள் அருகிலேயே இருந்தன. நீடித்து நிலைக்கும் வீடு என இன்று உலகமெங்கும் பேசப்படுவதன் உட்பொருள் இதுவே. இக்கொள்கையை அவர் பிரதேசத்துக்குரிய நவீன கட்டடக் கலை என்ற கருத்தாக 1950களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். மேல்நாட்டு அறிஞர் இதை ஒத்த கோட்பாட்டுக்குப் பெயர்சூட்டி விவாதித்தது 1980களிலேயே.

வட்டப்புளுவையில் வினாக்கொத்து

அவர் வாழ்வின் தலையாய பணி, கண்டிக்கு வடக்கே மகாவலி கங்கைக் கரையை அண்டிய வட்டப்புளுவையில் 1955இலிருந்து 1958வரை உருவான வீடமைப்புத் திட்டம். அரசாங்க உத்தியோகத்தர் முதலியோருக்காக ஏறத்தாழ 250 வீடுகள் அங்கே அமைவதாயின. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல சமூகத்தினரும், வெவ்வேறு வருமானம் உடையோரும் குடியேறக் காத்திருந்தனர்.

இத்தகைய திட்டமென்றால் ஒரே வரைபடத்தை 250 முறை அச்சுக் குத்துவதுதான் எந்நாட்டிலும் வழக்கம். மினெற் வரைகோலை எடுக்குமுன் வினாக்கொத்தை எடுத்தார். குடிவரப் போகும் குடும்பங்களைக் கூட்டிப் பேசினார். வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், எவ்வளவு செலவிட இயலும், சமையல் எவ்வாறு, வழிபாடு எவ்வாறு என்றெல்லாம் அறிந்தார். விறகடுப்பில் சமைப்பவருக்குப் புகை வெளியேற வழி வேண்டும். சாமியறை வேண்டும் குடும்பமும் உண்டு. வெளியார் பார்வை படாமற் பெண்கள் புழங்கத் தனியிடம் கேட்கும் குடும்பமும் உண்டு. ஒருவர் தேவை இன்னொருவருக்குத் தெரியாது. வரைபவருக்குக் கேட்டால் மட்டுமே தெரியும்.

கிடைத்த விடைகளை வைத்துச் சில அடிப்படை வீட்டு வகைகளை வகுத்தார். குடும்பத்தினர் தமக்கு ஏற்றதைத் தெரிவு செய்து, தம் வசதிக்கேற்ப மாற்றங்களையும் கோரலாம். வீடுகள் அணிவகுப்பு நிற்பதுபோல் நேர்கோட்டில் நிறுத்தப்படவில்லை. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி அமைந்தன. இதனால் செலவு கட்டுக்குள் நின்றது. அதே வேளை ஒவ்வொரு வீடும் தன் குடும்பத்தின் முகத்தைப் பெற்றது.

இது நிகழ்ந்த காலத்தையும் நினைவுகூரல் வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. 1958இல் தமிழர்மீது இனக் கலவரம் வெடித்தது. ஒரு மொழியினர் மட்டுமே நாட்டின் சொந்தக்காரர் என்று சட்டம் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில், ஒரு சிங்களத் தலைவரின் மகள், எல்லாச் சமூகத்தவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, ஒவ்வொருவர் விடைக்கும் ஒரே மதிப்பளித்து அயலவராக வாழ ஓரிடம் அமைத்துக்கொண்டிருந்தார். வீடுகளால் மட்டும் ஒரு நாட்டின் வெறுப்பைத் தடுத்துவிட இயலாது, தடுக்கவும் இயலவில்லை. எனினும் மற்றவருடைய அடுக்களை எவ்வாறு இருக்கவேண்டும் என்று கேட்டறியும் மரியாதை அன்று சாத்தியமாகவே இருந்தது என்பதற்கு வட்டப்புளுவை சான்று.

மறக்கப்பட்ட பிற்காலம்

பெண்ணொருத்தி வரைந்த கட்டடத்தை நம்பத் தயங்கியவர் பலர். பல திட்டங்கள் வரைபடத்தோடு நின்றன. 1962இல் தாயார் மறைந்தது அவரைப் பெரிதும் தளர்த்தியது. பின்னர் ஆசிய நாடுகளிற் பயணம் செய்தார்; 1970களில் இலண்டனில் வாழ்ந்தார்; 1975இலிருந்து 1979வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக் கலையின் வரலாற்றைக் கற்பித்தார். கண்டிக்கு மீண்டபின் 1980களின் முற்பகுதியில் அங்கே கலை நிலையம் ஒன்றை அமைத்தார்.

இதற்கிடையில் 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதிபெற்ற ஜெவ்றி பாவாவின் புகழ் உலகெங்கும் பரவிற்று. முற்றம், ஓட்டுக் கூரை, உள்ளூர்க் கைவினை ஆகியவற்றை அவருடைய பெயரோடு சேர்த்தே பலர் அறிவர். அப்பாதையில் முதலில் நடந்தவர் மினெற் என்பதைச் சிலரே நினைத்தனர். 1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1998 நவம்பர் 24ஆம் திகதி, தமது எண்பதாவது வயதிற் கண்டியில் காலமானார். தம் வாழ்வையும் பணியையும் தொகுத்து அவர் எழுதிய நூல் அதே ஆண்டில் வெளியாயிற்று. அவர் கட்டியவற்றுட் பல இடிக்கப்பட்டும் உருமாற்றப்பட்டும் போயின. அவர் வாழ்ந்த இல்லமும் பாழடைந்தது.

ரொறன்ரோவில் அவர் கேள்விகள்

கண்டியின் காற்றோட்டத்தை ஸ்காபுறோவின் பனிக்காலத்துக்குள் கொண்டுவர இயலாது. அதை முதலிற் சொல்பவரும் மினெற்றாகவே இருந்திருப்பார். இடத்தின் காலநிலையைக் கற்றபின் வரை என்பதே அவர் கொள்கை. ஆகவே இங்கே தெற்கு நோக்கிய யன்னல் வெயிலைத் தரும். வெப்பம் கசியாத சுவரும் கூரையும் எரிபொருட் செலவைக் குறைக்கும். வாசலை ஒட்டி ஈரச் சப்பாத்துகளுக்கும் குளிரங்கிகளுக்கும் இடம் வேண்டும்.

குடும்பத்தோடு வளரும் வீடு என்னும் எண்ணம் கனடாவுக்கும் புதியதன்று. 1990இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தினர் 14 அடி அகலமே உள்ள மாதிரி வீடொன்றைக் கட்டிக் காட்டினர். அதன் மேல்மாடி தடுக்கப்படாமல் வெறுந் தளமாக விடப்பட்டிருந்தது. வாங்கும் குடும்பம் கையிற் பணம் சேரும்போது தனக்கு வேண்டியவாறு அறைகளை அமைத்துக்கொள்ளலாம். ஓர் அறையும் விறாந்தையுமாகக் குடிபுகுந்து, மகளுக்கு மணம் பேசும் காலத்தில் அடுத்த அறையைக் கட்டிய எம் பெற்றோருக்கு இது வியப்பளிக்காது.

சட்டமும் மெல்ல மெல்ல இத்திசையில் நகர்ந்துள்ளது. நிலக்கீழ்க் குடியிருப்புகளை 1994இல் ஒன்ராறியோ அரசு பரவலாக அனுமதித்தது; அடுத்து வந்த அரசு அதை மாற்றியது; பின்னர் ரொறன்ரோ மாநகரம் இரண்டாம் குடியிருப்புகளுக்கு மீண்டும் வழிவிட்டது. 2022இல் பின்வளவில் தனிச் சிறு வீடு அமைக்கவும், 2023இல் ஒரே காணியில் நான்கு குடியிருப்புகள் வரை கட்டவும் மாநகர சபை இடமளித்தது. அனுமதிப் பத்திரம், தீத் தடுப்பு, வெளியேறும் வழி ஆகியன குறித்த விதிகள் உள்ளன. அவற்றைத் தவிர்த்து இரகசியமாகத் தடுக்கப்படும் அறை, தீ விபத்தின்போது அதில் உறங்கும் உறவினரின் உயிரையே விலையாகக் கேட்கும்.

வீடு வாங்குமுன்னும் திருத்துமுன்னும் வட்டப்புளுவையின் வினாக்கொத்தை எம்மவரும் ஒருமுறை வீட்டில் எடுத்துவைக்கலாம். பத்தாண்டு கழித்து இங்கே யார் யார் வாழ்வர்? படியேற இயலாத நாளில் அம்மா எந்த அறையில் உறங்குவார்? கீழ்த் தளத்திலே குளியலறை உண்டா? பக்கவாசல் ஒன்று இருந்தால் ஒரு பகுதியைப் பின்னர் வாடகைக்கோ, மணமான பிள்ளைக்கோ பிரித்துக் கொடுக்கலாமா? தாளிக்கும் வாசனையும் புகையும் எவ்வழியே போகும்? இந்தச் சுவர் கூரையைத் தாங்கும் சுவரா, பின்னர் அகற்றக்கூடிய வெறுந் தடுப்பா? இவற்றுக்கு முன்கூட்டியே விடை காண்பதற்குச் செலவாவது ஒரு மாலைப் பொழுது. கட்டியபின் சுவரை உடைப்பதற்கு ஆகும் செலவு பல ஆண்டுகளின் சேமிப்பு.

அவ்வினாக்களைக் கேட்கும்போது வீட்டிலுள்ள எல்லாரையும் கேட்பதே மினெற் காட்டிய முறை. கடன் பத்திரத்தில் ஒப்பமிடுபவர் ஒருவராக இருக்கலாம். அடுக்களையில் நாள் முழுவதும் நிற்பவரும், மூலையறையில் நாளைக் கழிக்கும் முதியவரும், படிப்பதற்கு மேசை வைக்க இடம் தேடும் பிள்ளையும் அவ்வீட்டைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்திருப்பர்.